பிள்ளை பார்ப்பதும் வேலைதான்!

(திருவக்கரைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



கடவுளைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசுவேன் என்று எதிர்பார்த்து நீங்கள் வந்திருக்கக்கூடும். அவற்றைப் பற்றியும் பேசத்தான் போகிறேன். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் தூளியைப் பற்றியது. பிள்ளை பெற்ற பெண் மறுபடியும் வேலைக்குப் போகும்போது, அந்தத் தூளியில் கிடக்கிற பிள்ளையை யார் பார்ப்பது என்பதே விஷயம். "இது பெண்கள் அடுப்பங்கரையில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி, இதை மேடையில் ஏற்றலாமா?" என்று சிலர் நினைக்கலாம். மனித சமூகத்தில் சரிபாதிப் பேரை வீட்டுத் தூணோடு கட்டிப்போட்டிருக்கிற கயிறு எதுவோ, அந்தக் கயிற்றைப் பற்றிப் பேசாத சுயமரியாதை என்ன சுயமரியாதை என்று கேட்கிறேன்.

இந்தப் பக்கத்துப் பெண்கள் வேலைக்குப் போகாதவர்கள் அல்ல. கழனிக்குப் போகிறார்கள். கல்குவாரிக்கும் ஜல்லி மிஷினுக்கும் போகிறார்கள். திண்டிவனத்திலும் புதுச்சேரியிலும் கடைகளுக்கும், சேதராப்பட்டுப் பக்கத்துக் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். படித்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் உத்தியோகம் பார்க்கப் போகிறார்கள். இவர்களில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து வீட்டில் ஒரே கேள்விதான் எழுகிறது. "நீ போய்விட்டால் பிள்ளையை யார் பார்ப்பது?" என்பது அந்தக் கேள்வி. தோழர்களே, அந்தக் கேள்வியை யாராவது தகப்பனிடம் கேட்டதுண்டா? பிள்ளை பிறந்த மறுநாளே வேலைக்குப் போகிற ஆண்பிள்ளையைப் பார்த்து, "நீ போய்விட்டால் பிள்ளை என்ன ஆகும்?" என்று எந்த மாமியாராவது, எந்தப் பஞ்சாயத்தாவது கேட்டதாக நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

கேட்டால், "பிள்ளை வளர்ப்பது தாய்க்கு ஆண்டவன் விதித்த தர்மம்" என்பார்கள். சரி, ஆண்டவன் கதைகளையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

உங்கள் ஊர் வக்கிரகாளி கோயிலுக்குப் பவுர்ணமிதோறும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அந்தக் காளியின் ஸ்தலபுராணம் என்ன சொல்லுகிறது? வக்கிராசூரனின் தங்கை துன்முகியைக் கொல்லக் காளி புறப்பட்டாளாம். துன்முகியோ கர்ப்பிணியாம். வயிற்றிலுள்ள சிசுவைக் கொல்லலாகாது என்று, அந்தச் சிசுவை வெளியே எடுத்துத் தன் காதில் குண்டலமாக மாட்டிக்கொண்டு, பிறகு தாயைக் கொன்றாளாம். இந்தக் கதையின் யோக்கியதையைப் பற்றி இப்போது நான் பேச வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். சூலாயுதம் தூக்கிய காளிக்கே, வேலை நேரத்தில் பிள்ளையை வைத்துக்கொள்ளக் காதைத் தவிர வேறு இடம் கிடைக்கவில்லையே! சம்மட்டி தூக்குகிற பெண் எந்தக் காதில் மாட்டிக்கொள்ளுவாள்?

பக்கத்திலேயே மயிலம் இருக்கிறது. அங்கேயுள்ள முருகனை யார் வளர்த்தார்கள்? பெற்ற தாய் பார்வதியா வளர்த்தாள்? கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் வளர்த்தார்களாம். ஒரு பிள்ளைக்கு ஆறு ஆயா! அவர்களுக்குச் சம்பளம் கொடுத்ததாகக் கதையில் இல்லை. வானத்தில் நட்சத்திரமாக்கி வைத்தார்களாம். கிருஷ்ணனைப் பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் இன்னொருத்தி. சாமிகளின் வீட்டில் பெற்றவள் வளர்க்காவிட்டால் அது லீலை. கூலிக்காரி வீட்டில் பெற்றவள் ஆறு மணி நேரம் வெளியே போனால் அது பாவம். இது எந்த ஊர் நியாயம்?

பழந்தமிழர் வழக்கத்தையாவது பார்ப்போமென்றால், சங்க இலக்கியத்தின் அகப்பாட்டுகளில் செவிலித்தாய் என்று ஒருத்தி நிற்கிறாள். தொல்காப்பியம் அவளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. தலைவியை எடுத்து வளர்த்தவள் செவிலி. அவளுடைய மகள்தான் தோழி. நற்றாய் வேறு, செவிலித்தாய் வேறு என்று இரண்டு தாய்க்கும் நம் மொழியில் தனித்தனிப் பெயரே இருக்கிறது. ஆதலால், பிள்ளையைப் பார்க்க இன்னொருத்தியை வைத்துக்கொள்ளுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த நாகரிகம் என்பது சுத்தப் பொய். பெரிய வீடுகளில் எக்காலத்திலும் இருந்த ஏற்பாடுதான் அது. ஏழை வீட்டுப் பெண்ணுக்கு அதே ஏற்பாடு வேண்டுமென்று கேட்கும்போதுதான் தர்மமும் சாஸ்திரமும் குறுக்கே வந்து படுத்துக்கொள்ளுகின்றன.

இன்றைக்கு நம் வீடுகளில் நடப்பதென்ன? தாய் வேலைக்குப் போனால் நான்கில் ஒன்று நடக்கிறது.

முதலாவது, பாட்டியின் தலையில் கட்டுவது. அறுபது வயதுவரை தன் பிள்ளைகளையும் கழனியையும் பார்த்து முதுகு வளைந்தவளை, இனிமேல் பேரப்பிள்ளையையும் பார் என்கிறோம். அவளுக்குக் கூலியும் கிடையாது, ஓய்வு நாளும் கிடையாது. பிள்ளை விழுந்துவிட்டால் பழி மட்டும் உண்டு.

இரண்டாவது, பிள்ளையை வேலைத்தலத்துக்கே தூக்கிப் போவது. ஜல்லி உடைக்கிற இடத்துத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. பெரியவர்களின் நுரையீரலையே அரித்துவிடுகிற தூசி அது. அந்தத் தூசியில் புடவைத் தூளி கட்டித் தொங்கவிட்டால் பிள்ளையின் நெஞ்சு என்னவாகும்? பிள்ளை தவழத் தொடங்கிவிட்டாலோ, தண்ணீர் தேங்கிய பள்ளம் பக்கத்திலேயே வாயைத் திறந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது, மருந்து கொடுத்துத் தூங்கவைப்பது. பம்பாய் ஆலைகளில் வேலை செய்த தாய்மார்கள் குழந்தைக்கு அபின் கொடுத்துக் கிடத்திவிட்டு வந்ததை 1931இல் வெளியான ராயல் தொழிலாளர் கமிஷன் அறிக்கை எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தாய்மார்கள் கொடியவர்களா? இல்லை. வேறு வழி இல்லாதவர்கள். இன்றைக்கு அபினுக்குப் பதில் இருமல் மருந்தை ஒரு மூடி ஊற்றித் தூங்கவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தூங்கவைக்கிற மருந்து சிறு குழந்தையின் மூச்சையே அடக்கிவிடக்கூடும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். ஆகையால் தாய்மார்களே, டாக்டர் எழுதிக் கொடுக்காத எந்த மருந்தையும் தூக்கத்துக்காகக் கொடுக்காதீர்கள். பிள்ளையைப் பார்க்கிறவளிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. பத்து வயதுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தம்பியைப் பார்க்கச் சொல்லுவது. அண்ணனை நிறுத்துவதில்லை, அக்காளைத்தான் நிறுத்துகிறார்கள். முதலில் வாரத்துக்கு ஒரு நாள் நிறுத்துவார்கள். பிறகு அறுவடைக்கு நிறுத்துவார்கள். பிறகு பாடம் புரியவில்லை என்று அவளே நின்றுவிடுவாள். அக்காள் படிப்பு தம்பியின் தூளியிலே தொங்கிப் போய்விடுகிறது. 6 வயது முதல் 14 வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வி உரிமை என்று 2009இல் சட்டம் எழுதினார்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு அமர்த்தலாகாது என்று 2006லேயே தடை போட்டார்கள். ஆனால் சொந்த வீட்டிலேயே சம்பளமில்லாத ஆயாவாக வைத்துக்கொண்டால் யார் வந்து கேட்பார்கள்? தோழர்களே, நாம்தான் கேட்க வேண்டும். தூளியைப் பற்றி மேடையில் பேச வந்ததற்கு முக்கியக் காரணமே இந்தப் பெண்தான்.

இந்த நான்கும் நடக்காத வீட்டில், தாய் வேலையை விட்டுவிடுகிறாள். கையில் காசில்லாதவள் புருஷன் கையைப் பார்க்கிறாள். அவன் குடிகாரனாயிருந்தாலும், அடிக்கிறவனாயிருந்தாலும், பார்த்துத்தான் தீரவேண்டியிருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலச் சமமான சொத்துரிமை வேண்டுமென்றும், ஆரம்பப் பள்ளிக்கூட உபாத்தியாயர் வேலைகளைப் பெண்களுக்கே கொடுக்க வேண்டுமென்றும் தீர்மானித்தது. ஏன் அப்படித் தீர்மானித்தார்கள்? கையில் பொருளும் உத்தியோகமும் இல்லாத பெண்ணுக்கு மானமாக வாழும் வழியில்லை என்று அறிந்துதான். சொத்துரிமைக்குத் தமிழ்நாட்டில் 1989இல் சட்டம் வந்தது. அதே ஆண்டில் அரசாங்க உத்தியோகத்தில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கினார்கள். வழியைத் திறந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறவள் அந்த வழியில் எப்படி நடப்பாள்?

இனி, பிள்ளை பார்ப்பது வேலையா, அன்பா என்ற கேள்விக்கு வருகிறேன். அன்பு வேண்டியதுதான். ஆனால் அன்பு என்ற பேரைச் சொல்லி வேலையை மறைப்பது பித்தலாட்டம். மத்திய அரசாங்கத்தின் புள்ளிவிவர இலாகா 2019இல் நாடெங்கும், யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடுகிற பெண் ஒரு நாளைக்கு 299 நிமிஷம் அதற்குச் செலவிடுகிறாள்; அதே வேலையில் ஈடுபடுகிற ஆண் 97 நிமிஷம். வீட்டிலுள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பெண்ணுக்கு 134 நிமிஷம், ஆணுக்கு 76 நிமிஷம். கவனியுங்கள், இது வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு. துரும்பைக்கூட எடுத்துப் போடாத பேர்வழிகள் இதில் சேர்த்தியே இல்லை!

இதை வேலை என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டு நூறுநாள் வேலைச் சட்டம் வந்தபோது, வேலைக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருத்தியை நியமித்து, அவளுக்கும் மற்றவர்களுக்குரிய கூலியைக் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். மண் வெட்டுகிறவளுக்கும் பிள்ளை பார்க்கிறவளுக்கும் ஒரே கூலி! இந்த ஒரு வரி பல புராணங்களுக்குச் சமானம் என்று நான் சொல்லுவேன். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கம் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்று பேர் வைக்காமல் உரிமைத்தொகை என்று பேர் வைத்ததும் இதே நியாயத்தை வைத்துத்தான்.

மற்ற நாடுகளில் இந்த யோசனை பழையது. ஸ்காட்லாந்தில் நியூ லனார்க் என்ற ஆலை ஊரில் ராபர்ட் ஓவன் 1816லேயே தொழிலாளர் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். பாரிஸில் 1844இல் மார்போ என்பவர் வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாருக்காகக் குழந்தைக் காப்பகம் ஏற்படுத்தினார். ஸ்வீடன் தேசத்தில் 1974இல் பிரசவ லீவு என்பதை மாற்றி, தாய் தகப்பன் இருவருக்கும் உரிய பெற்றோர் லீவு என்று ஆக்கினார்கள். 2024 ஜூலை முதல் அந்த லீவில் 45 நாள்வரை பாட்டிக்கோ தாத்தாவுக்கோ மாற்றிக் கொடுக்கலாம் என்றும், அந்த நாட்களுக்குப் பணம் உண்டு என்றும் செய்திருக்கிறார்கள். அங்கே பாட்டி பார்த்தால் அதுவும் வேலை. இங்கே பாட்டி பார்த்தால் புண்ணியம். புண்ணியத்தை வைத்துக்கொண்டு வெற்றிலைபாக்குக்கூட வாங்க முடியாது.

நம் தேசத்திலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றது. 1976இல் அதை 30 ஆக்கினார்கள். 1951இல் தேயிலைத் தோட்டங்களுக்குச் சட்டம் வந்தது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் கண்ணில் கல்குவாரியும் சுரங்கமாகவே இருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1966இல் காப்பக விதிகளைத் தனியாகவே எழுதினார்கள். 2017இல் பிரசவச் சட்டத்தைத் திருத்தி, சம்பளத்தோடு லீவு 26 வாரம் என்றும், 50 பேர் வேலை செய்கிற இடத்தில் காப்பகம் வேண்டுமென்றும், தாய் நாளைக்கு நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாமென்றும் செய்தார்கள். காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் 50 என்றால் மஸ்டர் ரோலில் 49 என்று எழுதத் தெரிந்த முதலாளிகளும் இருக்கிறார்கள். கழனியில் நாற்று நடுகிறவளுக்கு எந்த மஸ்டர் ரோல்? எந்த 26 வாரம்?

1975 அக்டோபர் 2இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் நல்ல திட்டம். ஆனால் நம் அங்கன்வாடியில் பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்ப வேண்டும். காலையில் திறந்து பிற்பகலில் பூட்டிவிடுகிறார்கள். குவாரி வண்டியோ, கம்பெனி வேனோ, அங்கன்வாடி திறக்குமுன் போய்விடுகிறது. பூட்டின பிறகுதான் திரும்புகிறது. ஆகவே இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. கைக்குழந்தைக்கு இடமில்லை என்பது ஒன்று. காலையிலும் மாலையிலும் சில மணி நேரத்துக்கு ஆளில்லை என்பது இன்னொன்று. இந்த ஓட்டைகளை நாமே ஒன்றுகூடி அடைத்துக்கொள்ள முடியாதா என்பதுதான் நான் உங்கள் முன் வைக்கிற யோசனை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தெருவில் நான்கு வீடு. இரண்டு வீட்டில் கைக்குழந்தை, இரண்டு வீட்டில் நடக்கிற பிள்ளை. இந்த நான்குக்கு மேல் ஒருத்தியிடம் ஒப்படைப்பது நியாயமல்ல. காலை ஏழு மணிக்குத் தாய் கிளம்பினால் ஒன்பது மணிவரை தகப்பன் பார்க்கட்டும். ஒன்பது முதல் மூன்று வரை ஆறு மணி நேரம், கூலிக்கு அமர்த்திய ஒருத்தி ஏதாவது ஒரு வீட்டில், காற்றோட்டமான இடத்தில், நான்கு பிள்ளைகளையும் பார்க்கட்டும். மூன்றுக்குப் பிறகு, நான்கு வீட்டில் யார் முதலில் திரும்புகிறார்களோ அவர்கள் முறைவைத்துப் பார்க்கட்டும். வீட்டுக்கு 2000 ரூபாய் போட்டால் மாதம் 8000 ரூபாய் ஆகிறது. 26 நாள், நாளைக்கு 6 மணி நேரம் என்றால் 156 மணி நேரம். மணிக்கு 51 ரூபாய் சொச்சம் விழுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு வேலைக்காரர்களுக்கு 2018இல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது மணிக்கு 40 ரூபாய்க்கும் குறைவாகத்தான் போட்டார்கள். நான் சொன்ன கணக்கு அதற்கு மேலே என்பதால் இதுவே தாராளம் என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குக் கீழே பேசினால் வெட்கக்கேடு என்றுதான் சொல்லுகிறேன்.

"பெண் சம்பாதிப்பதில் பாதி ஆயாவுக்கே போய்விட்டால் அவள் வேலைக்குப் போய் என்ன லாபம்?" என்று கெட்டிக்காரர்கள் கேட்பார்கள். அந்தக் கூலியைத் தாயின் சம்பளத்திலிருந்து மட்டும் எதற்காகக் கழிக்கிறீர்கள்? பிள்ளைக்குத் தகப்பன் இல்லையா? வீட்டு வாடகையையும் அரிசி விலையையும் இருவர் வரும்படியிலிருந்தும் கழிக்கிறபோது, பிள்ளை பார்க்கிற கூலியை மட்டும் பெண் கணக்கில் எழுதுவது எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்த கணக்கு? இரண்டு பேர் வரும்படியையும் சேர்த்து அதில் கழித்துப் பாருங்கள், கேள்வியே எழாது. இன்னொன்றும் யோசியுங்கள். பிள்ளைக்கு ஆள் வேண்டியது இரண்டு மூன்று வருஷம். வேலையை விட்டவள் மறுபடியும் அந்த வேலைக்குத் திரும்ப முடியாமற்போனால் நஷ்டம் முப்பது வருஷம்.

ஆளை எப்படித் தேடுவது? இங்கேதான் நம் ஜனங்களின் பகுத்தறிவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளை பார்க்க ஒருத்தி வேண்டுமென்றவுடன் முதல் கேள்வி, "அவள் என்ன சாதி?" என்பது. இரண்டாவது கேள்வி, "தாலியிருக்கிறதா?" என்பது. மூன்றாவது, "அவளுக்குப் பிள்ளை உண்டா?" என்பது. விதவை தூக்கினால் ஆகாதாம். பிள்ளையில்லாதவள் தூக்கினால் கண்பட்டுவிடுமாம். பொறுமையும் அனுபவமும் உள்ள எத்தனையோ பெண்கள், கூலி இல்லாமல் ஊரில் உட்கார்ந்திருக்க, அவர்களைத் தள்ளிவிட்டு, பூவும் பொட்டும் இருக்கிறதென்று கைகழுவத் தெரியாதவளிடம் பிள்ளையைக் கொடுப்பது பைத்தியக்காரத்தனம் அல்லவா? பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வருவது கண்பட்டு அல்ல. கழுவாத கையாலும் கொதிக்காத தண்ணீராலும்தான்.

சாதியைக் கேட்கிறவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. ஆயா என்ற வார்த்தையே போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. வெள்ளைக்கார துரைகள் தங்கள் பிள்ளைகளை நம் நாட்டு ஏழைப் பெண்களிடம் விட்டு வளர்த்தார்கள். கப்பலில் சீமைவரை அழைத்துப் போனார்கள். வேலை தீர்ந்ததும் சிலரை அங்கேயே கைவிட்டார்கள். அப்படி நின்றுபோனவர்கள் தங்குவதற்கென்றே லண்டனில் ஆயாமார் விடுதி ஒன்று நடந்தது. உழைப்பை வாங்கிக்கொண்டு ஆளைத் தெருவில் விட்ட அந்தத் துரைக்கும், பிள்ளையைத் தூக்கச் சொல்லிவிட்டுத் தனி டம்ளரில் காப்பி கொடுக்கிற நம் வீட்டு எஜமானருக்கும் என்ன வித்தியாசம்? 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் சத்துணவு சமைக்கலாகாது என்று ஊரார் கலகம் செய்தார்கள். அவள் சமைத்தால் தீட்டு என்றவர்களின் வயலில் நெல்லை நட்டதும் அறுத்ததும் யார் கை? பிள்ளைக்குச் சாதி தெரியாது. பசி தெரியும், அணைக்கிற கையின் சூடு தெரியும். அதற்குச் சாதியைச் சொல்லிக் கொடுப்பதே நாம்தான். நான்கு சாதி வீட்டுப் பிள்ளைகள் ஒரே பாயில் தூங்கி, ஒரே கையால் சோறு உண்டு வளர்ந்தால், பத்துப் பிரசங்கம் செய்யாததை அந்தப் பாய் செய்துவிடும்.

ஆகையால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சுத்தமாக இருப்பாளா? குழந்தை அழுதால் அடிக்காமல் பொறுப்பாளா? காய்ச்சல் கண்டால் மந்திரிக்கத் தூக்கிப் போகாமல் தாய்க்குச் சொல்லி அனுப்புவாளா? ஆபத்தென்றால் 108க்குப் போன் செய்யத் தெரியுமா? இவற்றைக் கேளுங்கள். பிறகு, தாய் வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே அவளை வரச் சொல்லுங்கள். முதல் நாள் தாய் பக்கத்திலிருக்க ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம், பிறகு அரை நாள் என்று பிள்ளையைப் பழக்குங்கள். நல்ல நாள், ராகுகாலம் பார்க்கிற நேரத்தில் இதைச் செய்தால் பிள்ளைக்குப் பிரயோஜனமுண்டு.

பால் விஷயத்தில் கவனம் வேண்டும். ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும், தண்ணீர்கூட, வேண்டியதில்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. வேலைக்குப் போகிற தாய் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான பாத்திரத்தில் பாலைப் பிழிந்து மூடி வைக்கலாம். சாதாரண அறைச் சூட்டில் நான்கு மணி நேரம்வரை இருக்குமென்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. புட்டி வேண்டாம், கொதிக்கவைத்த பாலாடையால் கொடுத்தால் போதும். குவாரியிலிருந்து திரும்புகிற தாயும் தகப்பனும் தூசிப் புடவையோடும் தூசிச் சட்டையோடும் பிள்ளையைத் தூக்காமல், மாற்றிக் கழுவிக்கொண்டு தூக்க வேண்டும்.

வைத்த ஆளுக்கு நாம் செய்ய வேண்டிய கடமையும் உண்டு. கூலி எவ்வளவு, எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம், வாரத்தில் எந்த நாள் ஓய்வு, அவளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஏற்பாடு என்பதை ஒரு நோட்டில் எழுதி இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பார்க்க வந்தவளைப் பாத்திரம் தேய்க்கவும் மாட்டுக் கொட்டகை கூட்டவும் சொல்லாதீர்கள். அவளை "அடியே" என்று கூப்பிடாமல் "அக்கா" என்றோ "அம்மா" என்றோ கூப்பிடுங்கள். 2007இல் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் ஏற்பட்டது. அவள் அதில் பதிந்துகொள்ளத் துணை செய்யுங்கள். முக்கியமாக இன்னொன்று: அவளுக்கும் பிள்ளை இருந்தால் அதையும் உடன் அழைத்து வரச் சொல்லுங்கள். நம் வீட்டுப் பெண்ணின் விடுதலைக்காக இன்னொருத்தி தன் மூத்த பெண்ணைப் பள்ளியை விட்டு நிறுத்துவாளேயானால், நாம் கயிற்றை அறுக்கவில்லை. ஒருத்தி கழுத்திலிருந்து கழற்றி இன்னொருத்தி கழுத்தில் மாட்டினோம், அவ்வளவுதான்.

ஆண் தோழர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் பெண் விடுதலைக்குக் கைதட்டிவிட்டு, வீட்டில் பிள்ளை மூத்திரம் போனால் "இந்தா, பிடி!" என்று கூப்பிடுகிற சுயமரியாதைக்காரர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். பால் கொடுப்பதொன்றுதான் ஆணால் முடியாதது. குளிப்பாட்ட, துணி கசக்க, சோறு ஊட்ட, தூளி ஆட்டக் கையிருந்தால் போதும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளில் ஒரு முறை தாய் லீவு போட்டால் மறுமுறை தகப்பன் லீவு போட வேண்டும். மீசை உதிர்ந்துவிடாது.

இவ்வளவும் நாம் செய்துகொள்ளுவது தற்காலத்துக்கு. இதுவே முடிவல்ல. காசு போட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் இடம் வேண்டுமானால் அது பொதுக் காப்பகமாகத்தான் இருக்க முடியும். 1969இல் டில்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டடம் கட்டுகிற இடத்தில், புழுதியில் கிடந்த கூலிக்காரர் குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன் என்ற அம்மையார், அங்கேயே ஒரு காப்பகம் தொடங்கினார். வேலை நடக்கிற இடத்துக்கே போகிற நடமாடும் காப்பகங்கள் அதிலிருந்துதான் வளர்ந்தன. 2022இல் மத்திய அரசாங்கம் அங்கன்வாடியோடு குழந்தைக் காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் திட்டத்தைப் 'பால்னா' என்ற பெயரில் அறிவித்தது. ஆகவே, வருகிற கிராமசபையில் தாய்மார்கள் எழுந்து, நம் அங்கன்வாடியில் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும், வேலைக்குப் போகிறவர்களின் நேரத்துக்குத் திறக்க வேண்டும், அதற்குக் கூடுதல் ஆளும் அந்த ஆளுக்கு ஒழுங்கான சம்பளமும் வேண்டும் என்று தீர்மானம் எழுதவையுங்கள். கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூச நன்கொடை திரட்டத் தெரிந்த ஊருக்கு, ஒரு அறைக்குச் சுண்ணாம்பு அடித்து நான்கு தூளி கட்டத் தெரியாதா?

கடைசியாக ஒன்று. உங்கள் ஊருக்குக் கிழக்கே கல்மரப் பூங்கா இருக்கிறது. அந்தக் கல்மரங்களைப் பார்த்து, அசுரனின் எலும்பு என்று கதை கட்டினார்கள். 1781இல் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் வந்து பார்த்து எழுதினார். பின்னர் பூகர்ப்ப சாஸ்திரிகள் ஆராய்ந்து, இவை சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மண்ணில் புதைந்து, மெள்ள மெள்ளக் கல்லாகிப்போன மரங்கள் என்று கண்டார்கள். "பிள்ளை தாயின் பாடு" என்கிற வழக்கமும் அப்படிப்பட்டதுதான். எப்போதோ மனிதர்கள் தங்கள் சௌகரியத்துக்குச் செய்துகொண்ட ஏற்பாடு, நாளாக ஆகக் கல்லாய் இறுகிக் கிடக்கிறது. அதை ஆண்டவன் விதி என்று கும்பிடுகிறவர்களும், அசுரன் எலும்பு என்று கும்பிட்டவர்களும் ஒரே ரகம். ஆராய்ந்து பார்த்தால் அது வேலை. வேலையென்றால் அதற்கு நேரமுண்டு, கூலியுண்டு, பங்கு உண்டு, மரியாதையுண்டு.

ஆகையால், தோழர்களே, இந்தக் கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் எத்தனை கைக்குழந்தை இருக்கிறது, எத்தனை தாய் வேலையை விட்டிருக்கிறாள், எத்தனை அக்காள் பள்ளியை விட்டிருக்கிறாள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதிய பிறகு சும்மா இருக்க உங்களால் முடியாது என்று நம்பி, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.